மகளின் வாக்குக்கண் சத்திரசிகிச்சை: கத்தியை விட மயக்க மருந்துக்கே பயப்படுகிறேன்

#1 தண்ணீரூற்றுத் தாய் | ஞாயிறு, இரவு 9.40

உறவுகளுக்கு வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு வயதிலிருந்து இடது கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. முதலில் கண்ணாடி தந்தார்கள். பிறகு நல்ல கண்ணான வலது கண்ணை ஒட்டி மூடிவிட்டு, இடது கண்ணைப் பார்க்கப் பழக்கச் சொன்னார்கள். எட்டு மாதம் ஒட்டினோம். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை ஏறத்தாழச் சமமாக வந்துவிட்டது என்றும், கண்ணாடி போட்ட பிறகும் மிஞ்சி நிற்கும் சாய்வுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி என்றும் சொல்லி, அடுத்த மாதத்துக்கு நாள் தந்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் 30 என்று ஓர் அளவு எழுதியிருக்கிறது. அது என்னவென்று அந்தச் சனத்துக்குள் நின்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கண்ணில் கத்தி வைப்பதை ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டேன். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நாள் குறித்த அன்றிலிருந்து மாமிக்கு நித்திரை இல்லை. வாக்குக்கண் வீட்டுக்கு அதிர்ஷ்டம், வளர வளரத் தானாகத் திரும்பிவிடும், பிள்ளையை மயக்கத்துக்குக் கொடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். இந்தச் சத்திரசிகிச்சையைப் பிள்ளைகளுக்குச் செய்வித்தவர்கள் எழுதுங்கள்.

#2 நெடுங்கேணியான் | ஞாயிறு, இரவு 10.15

உங்கள் மாமி சொல்வதில் பிழை இல்லை, சகோதரி. எங்கள் சித்தப்பாவின் மகளுக்குக் கைக்குழந்தையாக இருக்கையில் இரண்டு கண்ணும் மூக்கோடு ஒட்டினாற்போல இருந்தது; மூன்று வயதில் ஒன்றும் செய்யாமலே நேராகிவிட்டது. அதோடு, கண்ணைக் குழியிலிருந்து வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்கள் என்று கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தேவைதானா என்று யோசியுங்கள்.

#3 பழைய தியேட்டர் தாதி | திங்கள், காலை 6.05

தம்பி நெடுங்கேணியான், முப்பது ஆண்டுகள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: கண்ணை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. எந்த வைத்தியராலும் அப்படிச் செய்ய இயலாது. பார்வை நரம்பு அதற்கு இடம் கொடாது. இந்தக் கதை எந்த ஊரில் பிறந்ததோ தெரியவில்லை, வவுனியாவிலும் கேட்டேன், மன்னாரிலும் கேட்டேன்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சரிவுத்தசைகள். அவை கண்ணின் வெள்ளைப் பகுதியில் வெளிப்புறமாக ஒட்டியிருப்பவை. மூக்குப் பக்கத் தசை, கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர் பின்னால் பொருந்தியிருக்கும். இமைகளைச் சிறு கம்பியால் விரித்துப் பிடித்து, வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய தோலில் ஒரு சிறு வெட்டு வைத்து, வளைந்த கொக்கி ஒன்றைத் தசைக்குக் கீழே நுழைத்து அதைத் தூக்குவார்கள். பிறகு தசையின் நுனியில் நூலைக் கோத்து, அது ஒட்டியிருந்த இடத்திலிருந்து வெட்டி, அளவுகருவியால் அளந்த தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மறுபடி தைப்பார்கள். பின்னால் தைத்தால் தசையின் இழுவை குறையும். எதிர்ப்பக்கத் தசையில் ஒரு துண்டை வெட்டிச் சுருக்கித் தைத்தால் அதன் இழுவை கூடும். நூல் தானாகக் கரைந்துவிடும். கண்ணின் உட்புறத்தைத் திறப்பதே இல்லை. ஆனால் தசை ஒட்டும் இடத்துக்குப் பின்னால் கண்ணின் சுவர் 0.3 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் தடிப்பாக இருக்கும். ஊசி அதற்குள்ளேயே ஓடி வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் பேசமாட்டோம்.

உங்கள் சித்தப்பாவின் மகளைப் பற்றியும் ஒரு சொல். கைக்குழந்தைகளுக்கு மூக்கடி அகலமாக இருப்பதால் கண் உள்ளே சாய்ந்தது போலத் தோன்றும். மூக்கு எழும்பியதும் அந்தத் தோற்றம் போய்விடும். அது வாக்குக்கண் அல்ல. உண்மையான வாக்குக்கண் வளர வளர மாறும் என்று காத்திருந்தால், சாய்ந்த கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கப் பழகி, அந்தக் கண் சோம்பிப் போகும். நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் சாய்ந்து நின்றால் காட்டியே ஆக வேண்டும். கருமணிக்குள் பூனைக்கண் போல வெள்ளையாக மினுங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்கக்கூடாது. கண்ணுக்குள் வளரும் புற்றுநோயும் முதலில் வாக்குக்கண்ணாகத்தான் முகம் காட்டக்கூடும்.

#4 மல்லாவி ஆசிரியர் | திங்கள், பிற்பகல் 2.30

தங்கச்சி, உங்கள் கொப்பியில் உள்ள 30 என்பது சாய்வின் அளவு. பட்டகக் கண்ணாடிகளைக் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்த எண்ணில் கண் அசையாமல் நிற்கிறது என்று பார்த்து எழுதுவார்கள். என் மகனுக்கு 35. வழமையான அட்டவணைப்படி 30க்கு இரண்டு கண்ணிலும் உட்பக்கத் தசையை நாலரை மில்லிமீற்றர் வீதமும், 35க்கு ஐந்து மில்லிமீற்றர் வீதமும் பின்னுக்கு வைப்பார்கள். சாய்ந்தது ஒரு கண் தானே, நல்ல கண்ணில் ஏன் கை வைக்கிறார்கள் என்று நானும் சண்டைக்குப் போனேன். இரண்டு மாட்டுக்கும் ஒரே நுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இழுவையைச் சமமாகப் பங்கிடுகிறோம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் அடங்கினேன்.

வரலாறு கற்பிப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தச் சத்திரசிகிச்சையை முதன்முதலில் வெற்றியாகச் செய்தவர் டீஃபன்பாக் என்ற ஜெர்மானியர். பெர்லினில், 1839ஆம் ஆண்டு, ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு. ஈதர் மயக்கத்தைப் பொஸ்டனில் ஊரறியக் காட்டியது 1846இல். இடையில் ஏழு ஆண்டுகள். அந்தப் பையனை எத்தனை பேர் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், மயக்க மருந்தைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

எங்கள் வீட்டில் நடந்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். விடியப்புறம் மகன் பசிக்குது என்று சிணுங்க, நாங்கள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து அம்மம்மா இரண்டு பிஸ்கட்டும் பால் தேநீரும் கொடுத்துவிட்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை. விடுதியில் வைத்து மகனே பெருமையாகச் சொன்னான். அன்றைய சத்திரசிகிச்சை நின்றுபோய், இன்னும் ஐந்து வாரம் காத்திருந்தோம். சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வைத்தியசாலை தரும் நேரத்தையே பிடியுங்கள். பால் விட்ட தேநீர் தண்ணீர்க் கணக்கில் வராது.

#5 தண்ணீரூற்றுத் தாய் | திங்கள், இரவு 8.50

தாதி அம்மாவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிகுந்த நன்றி. அந்த 30 என்ன என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். இன்னும் இரண்டு கேள்விகள். பக்கத்து வீட்டு அக்கா, கண் தசையை இழுக்கும்போது இதயம் நின்றுவிடும் என்று எங்கோ வாசித்ததாகச் சொன்னார். அது உண்மையா? அடுத்தது, மகள் பேருந்தில் ஏறினால் மாங்குளம் போய்ச் சேருமுன் வாந்தி எடுப்பவள். மயக்கம் தெளிந்ததும் வாந்தி வரும் என்கிறார்கள். அது தையலைப் பாதிக்காதா?

#6 கனகராயன் ஆற்றோரம் | செவ்வாய், இரவு 11.20

நான் கிளிநொச்சியில் பிறந்து, இப்போது வேறு மாவட்டமொன்றில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்யும் வைத்தியர். மகளை நான் பார்க்கவில்லை என்பதால் பொதுவாகத்தான் எழுத முடியும்.

இதயத்தைப் பற்றிய கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. கண் தசையை இழுத்தால், குறிப்பாக மூக்குப் பக்கத் தசையை இழுத்தால், ஐந்தாம் மூளை நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், பத்தாம் நரம்பு வழியாக இதயத்துக்கு இறங்கி, துடிப்பை மெதுவாக்கும். 1908இலேயே அஷ்னர், டக்னீனி என்ற இருவரும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். பிள்ளைகளில் இது அடிக்கடி நடப்பது. நடக்கும் என்று எதிர்பார்த்தே நாங்கள் நிற்கிறோம். கருவியின் டிக் டிக் ஓசை நிமிடத்துக்கு 110 என்று போய்க்கொண்டிருக்கையில், கொக்கி தசையைத் தூக்கியதும் 90, 70 என்று இறங்கும். திரையைப் பார்க்கத் தேவையில்லை, காதுக்கே தெரியும். “விடுங்கள்” என்ற ஒரு சொல் போதும். சத்திரசிகிச்சை வைத்தியர் கையைத் தளர்த்திய சில நொடிகளில் துடிப்பு ஏறிவிடும். ஏறாவிட்டால் அத்ரோபின் மருந்து ஊசிக்குழலில் ஏற்றித் தயாராக இருக்கும். துடிப்பு சில கணங்கள் நின்றுபோவது மிக அரிது. அதுவும் இழுவையை விட்டதும் திரும்பிவிடுவதே வழமை. மயக்கம் ஆழம் போதாமலோ, மூச்சுச் சரியாகப் போகாமலோ இருந்தால் இது கடுமையாகும். ஆகவே ஒரு நல்ல மூச்சுக்குழாயும் கவனிக்கும் ஆளுந்தான் பெரிய மருந்து.

வாந்தி அதைவிட நிச்சயமான தொல்லை. தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் இந்தச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வாந்தி எடுப்பார்கள். மூன்று வயதுக்கு மேல் என்பது ஒரு காரணம், அரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலை என்பது ஒரு காரணம், வாக்குக்கண் சத்திரசிகிச்சை என்பதே தனிக் காரணம். பேருந்து வாந்தியும் சேர்ந்தால் உங்கள் மகள் வரிசையின் முன்னால் நிற்கிறாள். ஒண்டான்செற்றோனும் டெக்ஸாமெதசோனும் சேர்த்துக் கொடுப்பது இப்போது வழக்கம். தையல் வாந்தியால் அவிழாது, பயப்படாதீர்கள். மாங்குளக் கதையை மட்டும் மயக்க மருந்து வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மயக்க மருந்து பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்ற செய்தியையும் யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் தந்த எச்சரிக்கை மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு, மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றியது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட மயக்கம் கொடுத்து ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வில் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியவை. மகளுக்குச் சென்ற சில வாரங்களில் தடிமன், இருமல், சளி உண்டா? முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா? தாய்வழியிலோ தந்தைவழியிலோ மயக்கம் கொடுத்த இடத்தில் யாராவது இறந்ததுண்டா, அல்லது இறக்கும் தறுவாய்க்குப் போனதுண்டா? மூன்றாவது கேள்வியைத் தயவுசெய்து மாமியிடம் கேளுங்கள்.

#7 வவுனிக்குளம் 71 | புதன், காலை 5.40

பெரியவர்களுக்கும் இது வரும் என்பதற்கு நான் சாட்சி. 2009இல் தலையில் காயம்பட்டு, வலது கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழந்தது. ஒரு ஆள் எனக்கு இரண்டு ஆளாகத் தெரிந்தார். மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது எது குழாய், எது குழாயின் நிழல் என்று தடவித்தான் பிடிப்பேன். பழைய சறத்தைக் கிழித்து ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். நரம்பு தானாகத் தேறுவதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. எங்களுக்கு அது மூன்று ஆண்டாகிவிட்டது.

கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்கு முழு மயக்கம் இல்லை. கண்ணைச் சுற்றி விறைப்பு மருந்து மட்டும். நூலை இறுக்கி முடியாமல் ஒரு சுருக்கு முடிச்சில் நிறுத்திவைத்து, மறுநாள் காலை சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். வைத்தியர் விளக்கைக் காட்டி, “ஐயா, இப்போது ஒன்றா இரண்டா?” என்றார். இரண்டு என்றேன். நூலை மெல்ல இழுத்தார். பல்லில் கூசுவது போல ஒரு இழுவை, வயிற்றைப் புரட்டியது, அவ்வளவுதான். “இப்போது?” ஒன்று என்றேன். உடனே முடிச்சைப் போட்டுவிட்டார். ஓரமாகப் பார்த்தால் இன்னும் இரண்டாகத்தான் தெரியும்; நேரே பார்த்தால் ஒன்று. உழவு இயந்திரம் ஓட்ட அது போதும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் உடம்பில் எறிகணைத் துண்டோடு நடமாடுபவர்கள் பலர். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பெரிய காந்தம். இரும்புத் துண்டு நகர்ந்தால் ஆபத்து. என்னிடம் கேட்டபோது வெட்கப்பட்டுப் பேசாமல் நின்றேன். தாதிதான் தழும்பைக் கண்டு நிறுத்தினார்.

#8 நெடுங்கேணியான் | புதன், காலை 9.10

என் கருத்தைக் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி: வவுனிக்குளத்து அண்ணருக்குக் கொடுத்த விறைப்பு ஊசியையே பிள்ளைக்கும் கொடுத்தால் மயக்கப் பிரச்சினையே இல்லையே?

#9 கனகராயன் ஆற்றோரம் | புதன், இரவு 10.35

ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணித்தியாலம் அசையாமல் கிடக்காது, தம்பி. 0.3 மில்லிமீற்றர் சுவரில் ஊசி ஓடுகையில் பிள்ளை தலையைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதைத் தாதி அம்மா முதலிலேயே எழுதிவிட்டார். தசையை இழுக்கும் அந்த வயிற்றுப் புரட்டலைப் பெரியவர் பொறுப்பார்.

#10 தண்ணீரூற்றுத் தாய் | வெள்ளி, இரவு 9.15

மாமியிடம் கேட்டேன். மூன்று நாள் எடுத்தது.

என் கணவருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. பதினொரு வயதில் பாலை மரத்திலிருந்து விழுந்து கை முறிந்து, எலும்பைப் பொருத்துவதற்காக மயக்கம் கொடுத்தார்கள். அது என் கணவர் பிறந்த ஆண்டு, எண்பதுகளின் கடைசி. உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் ஓடினார்கள், வந்தார்கள், ஐஸ்கட்டி தேடினார்கள் என்று மாமி சொன்னார். பின்னேரம் உடம்பைக் கையில் கொடுத்தார்கள். “கை முறிவில் யாரும் சாவார்களா, பிள்ளை?” என்று என்னைக் கேட்டார். இறந்து இவ்வளவு நேரமாகியும் உடம்பு அடுப்புப் போலச் சுட்டது என்றும், வாயில் பால் விட முடியாதபடி பல் கிட்டியிருந்தது என்றும், கை கால்கள் விறகு போல இருந்தன என்றும் சொன்னார். பேய் அடித்தது என்று ஊரில் முடித்துவிட்டார்கள். இருந்த ஒரு துண்டுக் கடதாசியும் பல இடம்பெயர்வுகளில் போய், கடைசியில் மாத்தளனில் பெட்டியோடு போயிற்று.

என் கணவருக்கு ஒரு முறை சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. ஆனால் அது முதுகில் ஊசி போட்டுச் செய்தது. இதை எல்லாம் வைத்தியரிடம் சொல்ல வேண்டுமா, அல்லது பழங்கதை என்று சிரிப்பார்களா?

#11 கனகராயன் ஆற்றோரம் | வெள்ளி, இரவு 9.50

சகோதரி, சிரிக்கமாட்டார்கள். இதைச் சொல்லாமல் மகளை உள்ளே அனுப்ப வேண்டாம்.

உடம்பு கொதித்தது, தாடை இறுகியது, கை கால் விறைத்தது: இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எங்கள் துறையில் முதலில் நினைவுக்கு வருவது மலிக்னன்ட் ஹைப்பர்தேர்மியா, கொடுங்காய்ச்சல் என்று சொல்லத்தக்க ஒரு பரம்பரைக் கோளாறு. தசை அணுவுக்குள் இருக்கும் கல்சியக் கதவு ஒன்றில் பிழை. அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. ஹலோத்தேன், செவோஃபுளுரேன் போன்ற மயக்க ஆவிகளோ, சக்ஸமெத்தோனியம் என்ற தசை தளர்த்தும் மருந்தோ உடம்புக்குள் போனால், அந்தக் கதவு திறந்தபடி நின்று, எல்லாத் தசைகளும் ஓயாமல் எரியத் தொடங்கும். பத்தாயிரம் முதல் இரண்டரை இலட்சம் வரையான மயக்கங்களில் ஒன்றில்தான் இது வரும் என்று கணக்குச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதானா என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதுவாக இருந்து, பரம்பரையாக வந்ததாகவும் இருந்தால், உடன்பிறந்த உங்கள் கணவருக்கு இரண்டில் ஒரு பங்கும், மகளுக்கு நான்கில் ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு. முதுகில் போடும் ஊசி இதைத் தூண்டாது. ஆகவே கணவருக்கு அன்று ஒன்றும் நடக்காதது எதையும் காட்டவில்லை. வாக்குக்கண் உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கோளாறு கூடுதலாக இருக்கலாம் என்ற சந்தேகமும் நெடுநாளாக உண்டு, அது நிறுவப்படவில்லை.

மாமி சொன்னதைப் பழங்கதை என்கிறீர்களே, இந்த நோய் உலகத்துக்குத் தெரியவந்ததே அப்படி ஒரு கதையால்தான். 1960இல் மெல்பேர்ணில் 21 வயது மாணவன் ஒருவன் கால் முறிந்து வந்தான். காலைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. என் உறவினர் பத்துப் பேர் மயக்கம் கொடுத்து இறந்திருக்கிறார்கள், எனக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்றான். டென்பரோ என்ற வைத்தியர் அதை உட்கார்ந்து கேட்டு, குடும்பத்தை ஆராய்ந்து, மருத்துவ ஏட்டுக்கு எழுதினார். அதற்கு முன்னால் அந்தப் பத்துப் பேரின் சாவும் அவரவர் ஊரில் ஏதோ ஒரு பெயரில் முடிந்துபோனவைதான்.

இனிச் செய்ய வேண்டியது இது. நாளை மறுநாள் என்று வைக்காமல் கண் கிளினிக்குக்குப் போய், மயக்க மருந்து வைத்தியரைத் தனியாகச் சந்திக்கக் கேளுங்கள். சத்திரசிகிச்சையைக் கைவிடத் தேவையில்லை. தூண்டும் மருந்துகள் எதுவும் இல்லாமல், புரோபோஃபோலை நரம்பு வழியாகத் தொடர்ந்து ஏற்றியே மயக்கம் கொடுக்கலாம். வாந்திக்கும் அது நல்லது. ஆனால் அதில் இதயத்துடிப்பு இறங்குவது சற்றுக் கூடும், அதற்குரிய மருந்தை முன்னதாகவே கொடுப்பார்கள். இயந்திரத்திலிருந்து ஆவிக் கலங்களைக் கழற்றி, குழாய்களைப் புதிதாக மாற்றி, ஒட்சிசனால் நன்றாகக் கழுவி, அன்றைய முதல் ஆளாக எடுப்பார்கள். டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது வருமுன் இந்தக் கோளாறு வந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். இன்று உடனே கண்டுபிடித்துக் கொடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அந்த மருந்து எல்லா இடத்திலும் இராது. ஆகவே வேறு வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும், மறுக்காதீர்கள்.

#12 பழைய தியேட்டர் தாதி | வெள்ளி, இரவு 10.20

தங்கச்சி, வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதுவியுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பு எவ்வளவு நேரம் சுட்டது, பல் எப்போது கிட்டியது என்று அவர் சொல்வதற்கும் நீங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அந்தத் தாய் முப்பது ஆண்டுக்கு மேல் அடக்கி வைத்திருந்ததை யாராவது ஒரு வைத்தியர் கதிரை போட்டு இருத்திக் கேட்கட்டும்.

#13 தண்ணீரூற்றுத் தாய் | நான்கு மாதங்களின் பின், சனி, பிற்பகல் 4.00

இந்த இழையைப் படித்தவர்கள் பலர் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன். மாமியைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். மயக்க மருந்து வைத்தியர் ஓர் இளம் பெண். அவர் மாமியிடம் முக்கால் மணித்தியாலம் பேசி, எல்லாவற்றையும் எழுதி, எங்களைக் கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார். நாள் ஆறு வாரம் தள்ளிப்போனது. இரவுப் பேருந்தில் மதவாச்சி தாண்டுமுன் மகள் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். அதையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

ஆவி மருந்து இல்லை என்பதால் முகமூடி வைத்து உறங்க வைக்க முடியாது, விழித்திருக்கும்போதே கையில் கனுலா போட வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக இரண்டு புறங்கையிலும் வெள்ளைக் களிம்பு பூசிக் கண்ணாடித்தாள் போல ஒன்றை ஒட்டினார்கள். மகள் கையை உயர்த்தி உயர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. பால் போல ஒரு மருந்து போனது. கை எரிகிறது என்று முகத்தைச் சுளித்தவள், அடுத்த சொல்லுக்குள் என் தோளில் பாரமானாள். அந்தப் பாரத்தை நான் மறக்கமாட்டேன்.

ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆனது. இடையில் ஒரு தரம் துடிப்பு இறங்கி, கொக்கியை விட்டதும் சரியானதாகச் சொன்னார்கள். உடல் வெப்பம் ஏறவே இல்லை. விழித்ததும் அழுதாள், தலையணையில் இளஞ்சிவப்பாகக் கண்ணீர் படிந்ததைக் கண்டு மாமி நெஞ்சில் கை வைத்தார். அது இரத்தம் கலந்த கண்ணீர்தான், இரண்டு நாளில் நிற்கும் என்று தாதி சொன்னார். வாந்தி ஒரே ஒரு தரம். கண்ணின் வெள்ளை செம்பரத்தம்பூப் போல மூன்று வாரம் கிடந்தது. சொட்டு மருந்து விட்டோம். வாய்க்காலில் குளிப்பதை நான்கு வாரம் நிறுத்தினோம். அதற்குத்தான் அவள் எல்லாவற்றையும் விட அதிகம் அழுதாள்.

#14 நெடுங்கேணியான் | சனி, மாலை 6.25

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. கண் முற்றாக நேராகிவிட்டதா? கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்களா?

#15 மல்லாவி ஆசிரியர் | சனி, மாலை 7.00

கண்ணாடி கழற்றுவதற்காகச் செய்வதல்ல இது, தம்பி. நீள்பார்வைக் குறைக்குக் கொடுத்த கண்ணாடி தொடரத்தான் வேண்டும். என் மகனுக்கு ஆறாம் மாதம் மறுபடி கொஞ்சம் சாய்ந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டாம் முறை தேவைப்படலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கண்ணாடி மாற்றியதோடு போயிற்று.

#16 தண்ணீரூற்றுத் தாய் | சனி, இரவு 8.10

ஆசிரியர் ஐயா சொல்வது சரி. 30 இருந்தது இப்போது கண்ணாடியோடு 6 என்று எழுதியிருக்கிறார்கள். படம் எடுக்கையில் களைத்திருந்தால் மட்டும் எனக்குத் தெரியும். கண்ணாடி இருக்கிறது. ஆறு மாதம் வரை கிளினிக்கும் இருக்கிறது.

டயக்னோசிஸ் கார்டோடு ஒரு கடிதமும் தந்தார்கள். எந்த மருந்துகள் இந்தக் குடும்பத்துக்குக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதி முத்திரை குத்தியது. மாமி அதைப் பத்துப் பிரதி எடுப்பித்தார். மன்னாரிலிருக்கும் மச்சாளின் பிள்ளைகளுக்கு இரண்டு, கனடாவிலிருக்கும் மாமாவுக்கு ஒன்று. ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பெட்டிக்குள் வைக்காமல், சாமி அறையில் விளக்குக்குப் பின்னால் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.